கேலிப்படம் ஒன்று கூறும் வரலாறு

ஆண்டுவிழா மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைப் பணித்தபொழுது நான் தயங்கினேன். நான் வரலாற்றுப் புலவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதைப் பணியில் எழுத்தனாகச் சேர்ந்து, பயணச்சீட்டுக்கும் சரக்குச் சீட்டுக்கும் கணக்கு எழுதியே காலம் கழித்து வருபவன். எனினும் இம்முறை எழுதியே தீரவேண்டிய கடமை ஒன்று என்மீது விழுந்துவிட்டது. அதற்குக் காரணம் நம் சங்க வாசகசாலைக்கு வந்து சேர்ந்த ஒரு படம்.

நம் கரக்பூர்க் காலனியில் பிறந்து வளர்ந்து, இன்று அமெரிக்க நாட்டில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபொழுது வாசகசாலைக்கு ஒரு பெரிய சுவரொட்டியை அன்பளிப்பாகக் கொடுத்தார். அது பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சான ஆங்கிலக் கேலிப்படம் ஒன்றன் மறு அச்சு. அதைச் சட்டமிட்டு மாட்டுவதா, வேண்டாவா என்று செயற்குழுவில் ஒரு மாலை முழுதும் வாதம் நடந்தது. “அந்நிய ஆட்சியின் வரியை எதிர்த்த மக்களின் படம், காந்தியடிகள் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டலாம்” என்றனர் இளைஞர். “ஒரு மனிதனை இத்தனை பேர் சேர்ந்து வதைக்கும் காட்சியைக் குழந்தைகள் படிக்கும் இடத்தில் மாட்டுவதா?” என்றனர் தாய்மார். முடிவு ஏற்படவில்லை. “படத்தின் வரலாற்றை யாரேனும் படித்து எழுதட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று கூறித் தலைவர் கூட்டத்தை முடித்தார். அப்பொழுது என் வாய் சும்மா இராமல் “நான் எழுதுகிறேன்” என்று சொல்லிவிட்டது. சொன்னதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு; அதனைப் பின்னர்க் கூறுவேன்.

படத்தில் காண்பது யாது?

வட அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் துறைமுக நகரம். ஒரு பெரிய மரம். மரத்தடியில் ஒரு மனிதன் மண்டியிட்டிருக்கிறான். அவன் உடல் முழுவதும் தார் பூசி, அதன்மேல் பறவை இறகுகளை ஒட்டியிருக்கிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் மனிதனா, பெரியதொரு கோழியா என்று ஐயம் எழும். அவனைச் சூழ்ந்து நிற்பவர் ஐவர். அவர்கள் அவன் வாயில் வலிந்து தேநீரை ஊற்றுகின்றனர். சிலர் முகத்தில் இளிப்பு. மரக்கிளையிலிருந்து தூக்குக் கயிறு ஒன்று சுருக்கிட்டுத் தொங்குகிறது. அடிமரத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ‘முத்திரைச் சட்டம்’ என்னும் எழுத்துகள் தலைகீழாக இருக்கின்றன. பின்புறத்தில் ஒரு கப்பல். அதன் மேல்தளத்திலிருந்து சிலர் தேயிலையைக் கடலில் கொட்டுகின்றனர். முன்புறத்தில் தார் வாளி கிடக்கிறது.

இங்கே தார் என்பது நாம் சாலைக்கு ஊற்றும் தார் அன்று. பைன் மரத்திலிருந்து வடித்து, கப்பல் பலகைகளுக்கும் கயிறுகளுக்கும் பூசுகின்ற கீல். துறைமுக நகரில் அது எந்நேரமும் கிடைக்கும் பொருள். தலையணையைக் கிழித்தால் இறகும் கிடைக்கும். ஆகவே மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளரும் தமக்கு வேண்டாதவனை இழிவு செய்ய இம்முறையைக் கையாண்டனர்.

படத்தின் பெயர் ‘பாஸ்டன் நகரத்தார் ஆயத்தீர்வைக்காரனுக்குச் செலுத்துவது, அல்லது தாரும் இறகும் பூசுவது’ என்பதாகும். 1774ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிளீட் தெரு 53ஆம் எண் கடையில் வாணிகம் செய்த சேயர், பென்னெட் என்னும் அச்சுப்பட வணிகர்கள் இதனை வெளியிட்டனர். வரைந்தவர் பிலிப் டாவ் என்று கருதுவர். செப்புத் தகட்டை முதலில் முழுவதும் சொரசொரப்பாக்கி, பின்பு வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் தேய்த்து வழுவழுப்பாக்கி அச்சிடும் ‘மெஸ்ஸோடின்ட்’ என்னும் முறையில் செய்யப்பட்டது. ஆதலால்தான் கறுப்பிலிருந்து வெளுப்பு மெல்ல மெல்லப் பிறப்பதுபோல் படம் முழுவதும் தோன்றுகிறது.

வெளியான இடம் இலண்டன் என்பதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இப்படம் வரியை எதிர்த்தவர்கள் தம் பெருமைக்காக வெளியிட்ட படம் அன்று. அவர்களை எள்ளி நகையாட, வரி விதித்த நாட்டின் தலைநகரில் விற்கப்பட்ட படம்.

வரி பிறந்த வழி

படத்தில் காணும் முத்திரைச் சட்டம் 1765ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பத்திரங்கள், செய்தித்தாள்கள், உரிமங்கள், சீட்டுக்கட்டு ஆகிய அனைத்துக்கும் முத்திரைத் தாளே பயன்படுத்தவேண்டும் என்பது அச்சட்டம். பிரெஞ்சுக்காரருடன் நிகழ்ந்த நெடும்போரினால் ஏறிய கடனும், குடியேற்ற நாடுகளில் படை வைத்திருக்கும் செலவும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். நாடாளுமன்றத்தில் எங்களுக்குப் பேராளர் இல்லை. எங்களைக் கேளாமல் எங்கள் பணத்தை எடுக்க அதற்கு உரிமையில்லை என்பது அமெரிக்கக் குடியேற்றத்தார் கூறிய மறுமொழி.

அவ்வாண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், முத்திரைத் தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவர் என்பவரின் உருவப் பொம்மையைப் பாஸ்டனில் ஓர் எல்ம் மரத்தில் தொங்கவிட்டனர். அம்மரத்துக்கே ‘விடுதலை மரம்’ என்று பெயர் வந்தது. படத்தில் நிற்பது அதுதான். எதிர்ப்பு வலுத்தமையால் 1766 மார்ச்சில் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் வரி விதிக்கும் உரிமை எமக்கு உண்டு என்று அதே வேளையில் நாடாளுமன்றம் தனியே ஒரு சட்டம் செய்துகொண்டது.

இவ்விடத்தில் நாம் வாழும் இந்த வங்க மண்ணின் கதையும் வந்து கலக்கிறது. 1765 ஆகஸ்டு 14இல் பாஸ்டனில் பொம்மை தொங்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பு, அதாவது ஆகஸ்டு 12ஆம் நாள், அலகாபாத்தில் முகலாயப் பேரரசர் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய பகுதிகளின் வரி தண்டும் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். நம் காலனி இருக்கும் இம்மேதினிப்பூர் மாவட்டமோ அதற்கும் முன்னரே, 1760இல், நவாப் மீர் காசிமால் பர்துவான், சிட்டகாங் மாவட்டங்களோடு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. வங்காளத்தில் கம்பெனிக்கு முதன்முதல் நிலவரி செலுத்திய மாவட்டங்களுள் நாம் குடியிருக்கும் மாவட்டமும் ஒன்று.

திவானி கிடைத்ததும் கம்பெனியின் பங்குகள் விலை ஏறின. பிரிட்டிஷ் அரசும் 1767 முதல் ஆண்டுக்கு 4 லட்சம் பவுன் தனக்குத் தரவேண்டும் என்று கம்பெனியிடம் பெற்றுக்கொண்டது. 1770இல் வங்காளத்தில் கொடும் பஞ்சம் வந்தது. மக்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்று ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772இல் எழுதினார். அப்படியிருந்தும் 1771ஆம் ஆண்டு நிகர வரி வசூல் பஞ்சத்துக்கு முற்பட்ட 1768ஆம் ஆண்டு வசூலையும் விஞ்சியது என்றும் அவரே எழுதியுள்ளார். செத்தவர் செலுத்த வேண்டியதையும் பிழைத்தவரிடமே தண்டியிருக்கின்றனர் என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை.

இவ்வளவு தண்டியும் கம்பெனி கரையேறவில்லை. போர்ச் செலவு, அலுவலரின் கொள்ளை, பங்குதாரருக்குக் கொடுத்த அளவுக்கு மீறிய இலாபம், 1772இல் ஐரோப்பாவில் உண்டான கடன் நெருக்கடி ஆகிய எல்லாம் சேர்ந்து அதனைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுவந்தன. இலண்டன் கிடங்குகளில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ராத்தல் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. அது நம் நாட்டுத் தேயிலை என்று பலரும் எண்ணுகின்றனர்; அது பிழை. சீன நாட்டுக் கான்டன் துறைமுகத்தில் வாங்கியது. நம் அசாம் தேயிலை இலண்டனில் முதன்முதல் ஏலம் போனது 1839ஆம் ஆண்டில்தான்.

கம்பெனியைக் காப்பாற்ற அரசு 1773இல் 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. தேயிலைச் சட்டம் ஒன்றும் செய்தது. கம்பெனி தன் தேயிலையை அமெரிக்காவுக்கு நேரே அனுப்பி விற்கலாம். இங்கிலாந்தில் செலுத்தும் தீர்வை கிடையாது. அமெரிக்காவில் இறக்கும்பொழுது ராத்தலுக்கு 3 பென்னி சுங்கம் மட்டும் உண்டு. இந்த 3 பென்னி 1767இல் விதிக்கப்பட்டது. உடன் விதித்த கண்ணாடி, ஈயம், வண்ணம், தாள் ஆகியவற்றின் வரிகளை 1770இல் நீக்கிய பின்னும் இதனை மட்டும் நீக்கவில்லை.

இதில் ஒரு வியப்பு உண்டு. புதிய ஏற்பாட்டினால் தேயிலையின் விலை ஏறவில்லை, குறைந்தது. கள்ளத்தனமாக வந்த டச்சுத் தேயிலையோடு போட்டியிடும் அளவுக்கு மலிந்தது. அப்படியிருக்க மக்கள் ஏன் எதிர்த்தனர்? மலிவு என்று வாங்கினால் 3 பென்னியை ஒப்புக்கொண்டதாகும். அதனை ஒப்பினால் நாளை எதற்கும் வரி விதிக்கலாம் என்பது ஒரு சாராரின் அச்சம். கள்ள வாணிகத்தில் பொருள் ஈட்டிய வணிகருக்குத் தம் தொழில் கெடுமே என்ற கவலையும் இருந்தது. அதையும் மறைத்தல் ஆகாது. பிலடெல்பியா நகரத்து ஜான் டிக்கின்சன் என்னும் வழக்கறிஞர் 1773இல் புனைபெயரில் எழுதிய மடலில், கம்பெனி வங்காளத்தில் செய்த கொடுமையையும் பஞ்சத்தில் மாண்டவர்களையும் எடுத்துக்காட்டி, இதே கம்பெனி இப்பொழுது நம் பக்கம் கண்ணைத் திருப்பியிருக்கிறது என்று எச்சரித்தார். இந்த மண்ணின் துயரம் ஏழு கடலுக்கு அப்பாலும் ஒரு பாடமாக எடுத்துச் சொல்லப்பட்டது என்பதை அறிந்தபொழுது என் உள்ளம் கசிந்தது.

1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு டார்ட்மத், எலினார், பீவர் என்னும் மூன்று கப்பல்களில் ஏறிய பாஸ்டன் மக்கள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். எடை 92,000 ராத்தலுக்கு மேல். மதிப்பு 9,659 பவுன். படத்தின் பின்புறத்தில் காண்பது இந்நிகழ்ச்சியே.

மண்டியிட்டிருப்பவன் யார்?

இறகு ஒட்டப்பட்டு நிற்பவன் பெயர் ஜான் மால்கம். முன்பு கப்பல் தலைவனாகவும் படையிலும் இருந்தவன். பின்பு சுங்கத்துறையில் ஓர் அலுவலனானான். இலண்டன் ஓவியர் அவனை ‘ஆயத்தீர்வைக்காரன்’ என்றார். உள்நாட்டில் செய்யும் பொருளுக்கு ஆயம் தண்டுபவன் வேறு. துறைமுகத்தில் இறங்கும் பொருளுக்குச் சுங்கம் தண்டுபவன் வேறு. மால்கம் பின்னவன். ஆனால் இலண்டன் மக்களுக்கு ஆயக்காரன் என்றாலே வெறுப்பு. ஆகவே அப்பெயரை இட்டால் படம் எளிதில் விற்கும் என்று வணிகர் எண்ணியிருக்கலாம்.

மால்கம் நல்லியல்பு வாய்ந்தவன் அல்லன். முன்கோபி, வாய்த்துடுக்கு மிக்கவன். 1773இல் வடக்கே ஒரு துறைமுகத்தில் கப்பல் ஒன்றைக் கைப்பற்றியதற்காக மாலுமிகள் ஒருமுறை அவனுக்கு உடையின் மேலேயே தார் பூசியிருந்தனர். 1774 ஜனவரி 25ஆம் நாள் பாஸ்டன் தெருவில் ஒரு சிறுவனை அவன் கைத்தடியால் அடிக்க ஓங்கினான். அவ்வழியே வந்த ஜார்ஜ் ஹியூஸ் என்னும் ஏழைச் செருப்புத் தொழிலாளி தடுத்தார். சொல் தடித்தது. தாம் ஒருபோதும் தார் பூசப்பட்டதில்லை என்று ஹியூஸ் குத்திக்காட்டவே, மால்கம் தடியால் அவர் நெற்றியில் அடித்து வீழ்த்தினான். மருத்துவர் ஜோசப் வாரன் காயத்துக்குக் கட்டிட்டார். ஹியூஸ் நீதிபதியிடம் சென்று மால்கமைப் பிடிக்க ஆணையும் பெற்றார்.

ஆனால் அன்றிரவே ஒரு கூட்டம் மால்கமின் வீட்டைச் சூழ்ந்து அவனை வெளியே இழுத்தது. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று நகரத்துப் பெரியோர் சிலர் சொல்லிப் பார்த்தனர். கூட்டம் கேட்கவில்லை. நான்காண்டுகளுக்கு முன்னர் சுங்கத்துறைக்கு உளவு சொன்ன ரிச்சர்ட்சன் என்பவன் ஒரு சிறுவனைச் சுட்டுக் கொன்று, குற்றவாளி என்று தீர்ப்பான பின்னும் மன்னரின் மன்னிப்புப் பெற்று வெளியேறினான்; அதனை மக்கள் மறக்கவில்லை. நீதியின்மேல் நம்பிக்கை போனால் கூட்டமே நீதிபதியாகிவிடுகிறது.

கடுங்குளிர் இரவில் இடுப்புவரை ஆடையை உரிந்து, தார் பூசி, இறகு ஒட்டி, வண்டியில் ஏற்றி, மால்கமை விடுதலை மரத்துக்கும் பின்பு தூக்குமரத்துக்கும் கொண்டுசென்றனர். பதவியைத் துறக்கச் சொல்லி அடித்தனர். காதை அறுப்பதாக அச்சுறுத்தினர். மன்னர் குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தேநீர் குடிக்கச் செய்தனர் என்பர். பல மணி நேரத்துக்குப் பின்பு அவன் வீட்டில் கொண்டுவந்து போட்டனர்.

அவனால் நெற்றி உடைந்த ஹியூஸ் அப்பொழுது என்ன செய்தார் தெரியுமா? செய்தி கேட்டவுடன் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு, அதனை மால்கமின் தோளில் போர்த்துவதற்காக வண்டியின் பின்னே ஓடினார். கூட்டத்தார் அவரைத் தள்ளிவிட்டனர். முதுமையில் அவர் சொல்ல, 1835இல் வெளியான நூலில் இச்செய்தி இருக்கிறது. அவரோ கோழை அல்லர். மன்னரின் கட்சியினரும் அல்லர். ஒரு மாதத்துக்கு முன்னர்த் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களுள் அவரும் ஒருவர். படத்தில் இலண்டன் ஓவியர் முத்திரைச் சட்டத்தை வைத்தார், தேயிலைக் கப்பலை வைத்தார், மால்கமை வைத்தார். ஒன்பது ஆண்டுகளில் நடந்தவற்றை ஒரே காட்சியாகக் குவித்தார். ஆனால் போர்வையோடு ஓடிய ஹியூஸை வைக்கவில்லை.

கேலி பெருமையான கதை

பாஸ்டன் மக்கள் காட்டுமிராண்டிகள். அவர்கள் பேசும் விடுதலை இத்தகையது என்று இலண்டனில் படம் வாங்குவோர் எண்ணவேண்டும் என்பதே வெளியீட்டாளர் நோக்கம். அதே நிறுவனம் 1775இல் மற்றொரு படமும் வெளியிட்டது. வட கரோலினாவில் ஈடன்டன் என்னும் ஊரில் 51 பெண்மணிகள் 1774 அக்டோபரில் ஒன்றுகூடி ஆங்கிலப் பொருள்களைப் புறக்கணிக்க உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டனர். அவர்களை அலங்கோலமாக வரைந்து அப்படம் நகையாடியது.

ஆனால் போர் 1775இல் மூண்டு, குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றபின் படங்களின் கதி மாறியது. 1830இல் டி. சி. ஜான்ஸ்டன் என்னும் ஓவியர் நம் படத்தைக் கல்லச்சில் அப்படியே பெயர்த்து, பாஸ்டன் நகரிலேயே வெளியிட்டார். எந்த ஊரை இழிவு செய்யப் படம் பிறந்ததோ அந்த ஊரே அதனை மறுபடியும் அச்சிட்டது. பின்னர்ப் பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் அது இடம்பெற்றது. அவ்வழியில் வந்ததே நம் வாசகசாலைக்குக் கிடைத்த படமும். ஈடன்டன் பெண்மணிகளின் படமும் இன்று அவ்வூரின் பெருமையைக் கூற எடுத்துக்காட்டப்படுகிறது. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. மாட்டுகிறவர்களின் உள்ளம் மாறிற்று.

என் சொந்த அனுபவம்

இனி நான் தயங்கித் தயங்கிக் கூறவேண்டியதைக் கூறுகிறேன். காலனியில் இதுவரை யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் வேலையில் இருந்தேன். கட்டண உயர்வை எதிர்த்து ஒருநாள் காலை பெருங்கூட்டம் வந்தது. அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருந்தது. நானும் மூன்றாம் நாள்தான் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கையில் காசின்றி இருந்தேன். ஆனால் அன்று அவர்களுக்கு அகப்பட்டவன் நான் ஒருவனே. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர்களில் யாரோ கறுப்பு மையை என் தலையில் ஊற்றினார். சிரிப்பொலி எழுந்தது. கட்டணத்தைக் கூட்டியவன் நான் அல்லன் என்று சொல்ல வாய் திறந்தேன். மை வாய்க்குள் போயிற்று.

அப்பொழுது நிலையத்தில் தேநீர் விற்கும் முதியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தோளிலிருந்த காம்சாத் துண்டை என் முகத்தில் போட்டு, “பாபு, முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்” என்றார். சற்று முன்னர் வெளியே நின்று கட்டண உயர்வு ஒழிக என்று முழங்கியவர்களில் அவரும் ஒருவர். கறை மூன்று நாளில் போய்விட்டது. அந்தத் துண்டின் நினைவு போகவில்லை. ஹியூஸின் போர்வையைப் பற்றிப் படித்தபொழுது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

மால்கமோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று அன்பர்கள் எண்ணவேண்டா. அவன் பிறர்மேல் கை ஓங்கியவன். ஆனால் ஒன்று மட்டும் அப்படத்தை நோக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. வரியை விதித்த அமைச்சர் படத்தில் இல்லை. அதனை நிறைவேற்றிய நாடாளுமன்றத்தார் இல்லை. வங்காளத்தைப் பாழாக்கிவிட்டு, அந்த நட்டத்தை ஈடுசெய்யப் பாஸ்டனுக்குத் தேயிலை அனுப்பிய கம்பெனி இயக்குநர்கள் இல்லை. அவர்கள் எல்லாரும் மூவாயிரம் மைலுக்கு அப்பால் நலமாக இருந்தனர். அகப்பட்டவன் அடிமட்ட அலுவலன். நம் காலனியில் இருப்பவர் பெரும்பாலோர் அத்தகைய பணியினரே அல்லரோ?

இம்மாவட்டம் காட்டிய வழி

அப்படியானால் அநியாய வரியை எதிர்க்கவே கூடாதா என்று இளைஞர் கேட்கலாம். எதிர்க்கத்தான் வேண்டும். எவ்வாறு என்பதற்கு எடுத்துக்காட்டு தேடி நாம் பாஸ்டன்வரை போகவேண்டியதில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்காளக் கிராமங்களில் யூனியன் போர்டுகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றால் சௌகிதாரி வரிச்சுமை கூடும் என்று மேதினிப்பூர் மாவட்ட உழவர்கள் அஞ்சினர். காந்தாய் வட்டாரத்தைச் சேர்ந்த பாரிஸ்டர் வீரேந்திரநாத் சாஸ்மல் 1921இல் அவர்களைத் திரட்டி, வரி கொடாமல் இருக்கச் செய்தார். அதிகாரிகள் பாத்திரம் பண்டங்களை ஜப்தி செய்தனர். மக்கள் தடுக்கவில்லை, ஆனால் ஜப்தி செய்த பொருளை ஏலத்தில் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. வரி தண்ட வந்தவனுக்கு மையும் பூசவில்லை, தாரும் பூசவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அரசு இம்மாவட்டத்தில் ஏறத்தாழ எல்லா யூனியன் போர்டுகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

1930இல் இதே காந்தாய் கடற்கரையில் மக்கள் உப்புக் காய்ச்சினர். அதே ஏப்ரல் மாதத்தில் நம் தமிழகத்தில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்கள் நடந்தனர். வங்கக் கடலின் இரு கரைகளில் இரு மொழியினர் ஒரே சட்டத்தை மீறினர். அடிபட்டவர்கள் மீறியவர்களே. வரி வாங்குகிறவனை வருத்தாமல் வரியை மட்டும் வீழ்த்த முடியும் என்பதற்கு இம்மாவட்டத்தின் 1921ஆம் ஆண்டே சான்று.

முடிவு

படத்தை மாட்டலாமா என்பது கேள்வி. மாட்டலாம் என்பதே என் கருத்து. ஆனால் காந்தியடிகள் படத்துக்குப் பக்கத்தில் வேண்டா. செய்தித்தாள் மேசைக்கு எதிரே, பெரியவர்களும் பிள்ளைகளும் நின்று படிக்கும் உயரத்தில் மாட்டலாம். கீழே தமிழில் ஒரு குறிப்பும் வேண்டும். அதனை நான் இவ்வாறு எழுதி வைத்திருக்கிறேன்:

‘இப்படம் 1774இல் இலண்டனில், பாஸ்டன் மக்களை நகையாட அச்சிடப்பட்டது. அவர்கள் எதிர்த்த வரி அநியாயமானது; அதன் வேர்களுள் ஒன்று நாம் வாழும் வங்காளத்தில் இருந்தது. மண்டியிட்டிருப்பவன் அந்த வரியை விதித்தவன் அல்லன். இவனால் அடிபட்ட ஏழைத் தொழிலாளி ஒருவர் இவனுக்குப் போர்த்த ஒரு போர்வையோடு ஓடிவந்தார். அவர் இப்படத்தில் இல்லை.’

செயற்குழு இதனை ஏற்குமாயின், சட்டமிடும் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். மாட்டும் நாளில் பிள்ளைகள் வந்து, அந்தப் போர்வைக்காரர் எங்கே என்று படத்தில் தேடுவார்களானால் இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.